கரும்பு நடவு: பாருக்குப் பார் எத்தனை அடி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே வரும் அளவுகள் எல்லாம் தமிழ்நாட்டு இறவைக் கரும்புக்கானவை, அதாவது நீர் பாய்ச்சி வளர்க்கும் கரும்புக்கு. பார் என்பது கரும்பு வரிசைக்காக உழுது எடுக்கும் மண்மேடு; பார் இடைவெளி என்றால் வரிசைக்கும் வரிசைக்கும் உள்ள தூரம். 1 ஏக்கர் என்பது 100 சென்ட், 43,560 சதுர அடி. இந்தக் கணக்கு பல இடங்களில் தேவைப்படும்.

பார் இடைவெளியைக் கூட்டினால் மகசூல் கூடுமா, குறையுமா?

இரண்டும் நடக்கிறது. பக்கத்துப் பக்கத்து வயலில்கூட நடக்கிறது. காரணம் எளிது. ஆலை எடைமேடையில் ஏறுவது இரண்டு எண்களின் பெருக்கல்தான்: ஏக்கருக்கு எத்தனை கரும்பு, ஒரு கரும்பு எத்தனை கிலோ. 40,000 கரும்பு, ஒவ்வொன்றும் 1 கிலோ என்றால் 40 டன். அதே 40,000 கரும்பு 1¼ கிலோ வந்தால் 50 டன். அகலப் பார் இரண்டாவது எண்ணை ஏற்றிவிடும். வெயில் அடித்தூர் வரை இறங்குகிறது, தூரைச் சுற்றி மண் அணைக்கக் கூடுதல் மண் கிடைக்கிறது, கரும்பு தடிக்கிறது. ஆனால் முதல் எண் தானாக ஏறாது. 40,000 இருந்த இடத்தில் 30,000 ஆகிவிட்டால், கரும்பு 1.3 கிலோ வந்தாலும் 39 டன்தான். நல்ல தடிமனான கரும்பைப் பார்த்து மனசு நிறையும், எடைச்சீட்டைப் பார்த்தால் நிறையாது.

ஆக, “5 அடி நல்லதா, 3 அடி நல்லதா” என்று கேட்பதைவிட, “5 அடியில் நான் ஏக்கருக்கு 40,000 கரும்பு நிறுத்துவேனா” என்று கேட்பது சரி.

அதை எப்படிக் கணக்குப் பார்ப்பது?

பார் அகலமாக ஆக, ஏக்கரில் ஓடும் வரிசையின் மொத்த நீளம் குறைகிறது. 2½ அடியில் வரிசை நீளம் 17,424 அடி. 3 அடியில் 14,520. 4 அடியில் 10,890. 5 அடியில் 8,712 அடி மட்டுமே, அதாவது 2½ அடியில் இருந்ததில் சரிபாதி.

இப்போது 40,000 கரும்பை இந்த நீளத்தில் பரப்புங்கள். 2½ அடிப் பாரில் ஓர் அடி நீளத்துக்கு 2.3 கரும்பு நின்றால் போதும். 3 அடியில் 2.75 வேண்டும், 4 அடியில் 3.7. 5 அடிக்குப் போனால் அடிக்கு 4.6 கரும்பு, மீட்டருக்கு 15, நிற்க வேண்டும். பக்கவாட்டில் விட்ட இடத்தை நீளவாட்டில் திருப்பிக் கட்ட வேண்டும் என்பதுதான் இதன் பொருள். கட்டாவிட்டால் அந்த இடம் களைக்குப் போகும்.

வயலில் எண்ணுவதற்குச் சென்ட் கணக்கு வசதி. ஒரு சென்டில் 400 கரும்பு இருக்க வேண்டும். ஒரு சென்ட் என்பது 5 அடிப் பாரில் 87 அடி நீளம், 4 அடிப் பாரில் 109 அடி, 3 அடிப் பாரில் 145 அடி, 2½ அடியில் 174 அடி. கயிறு ஒன்றை அந்த நீளத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். வரப்போரப் பாரை விட்டுவிடுங்கள், அங்கே எப்போதும் கரும்பு அதிகம் இருக்கும், ஏமாற்றும். உள்ளே நான்கைந்து இடத்தில் கயிற்றைப் போட்டு, முழங்கால் உயரத்துக்குக் கணு வைத்த கரும்பை மட்டும் எண்ணுங்கள். ஐந்தாம் மாதத்தில், முதல் சோகை (காய்ந்த இலை) உரிக்கும்போது எண்ணினால் அறுவடை எண்ணிக்கை ஏறக்குறைய தெரிந்துவிடும்.

முன்பு 2½ அடி, 3 அடி என்று நட்டார்கள். அது தவறா?

தவறில்லை. மாட்டு ஏர், மண்வெட்டி, கை வெட்டு என்று இருந்த காலத்துக்கு அது பொருந்தியது. நெருக்க நடவில் முளைப்பு கொஞ்சம் சொதப்பினாலும் பக்கத்துத் தூர் இடத்தை மூடிவிடும். கவனக்குறைவை மன்னிக்கும் நடவு அது. இன்றும் பின்பட்டமாக ஏப்ரல், மே மாதத்தில் நடுபவர்களுக்கும், தண்ணீர் நிச்சயமில்லாதவர்களுக்கும், உவர் நிலத்துக்கும் 2½ முதல் 3 அடிதான் பாதுகாப்பு. அங்கெல்லாம் தூர் கட்டுவது, அதாவது அடியிலிருந்து பக்கத் தண்டுகள் வெடிப்பது, குறையும். தூர் கட்டாத இடத்தில் அகலப் பார் போட்டால் எண்ணிக்கை விழுந்துவிடும்.

நெருக்கத்தின் கெடுதல் மூன்றாம் மாதத்துக்கு மேல் தெரியும். தூர் வெடிப்பது நட்ட ஒரு மாதத்தில் தொடங்கி 90 முதல் 120 நாளில் உச்சத்துக்குப் போகிறது. பிறகு ஏறக்குறைய பாதித் தூர் நிழலில் செத்துப்போகிறது. சாகிற தூரும் நீங்கள் போட்ட யூரியாவைத் தின்றுவிட்டுத்தான் சாகிறது. அகலப் பாரில் வெடிக்கும் தூர் ஏக்கர் கணக்கில் குறைவாக இருந்தாலும், பிழைத்து ஆலைக்கு வரும் பங்கு அதிகம்.

கரணை நடவில் எவ்வளவு விதை தேவை? எப்படி வைப்பது?

கரணை என்பது விதைக்கு வெட்டிய கரும்புத் துண்டு. இரண்டு முளைப்பரு உள்ள இருபருக் கரணை என்றால் ஏக்கருக்கு சுமார் 30,000. எடையில் 3 முதல் 4 டன். 3 அடிப் பாரில் மீட்டருக்கு 12 பரு விழ வேண்டும், அதாவது 6 கரணை. விதைக்கரும்பு 6 முதல் 8 மாதப் பயிராக இருக்கட்டும். ஆலைக்கு வெட்டும் கரும்பின் அடிப்பகுதியை விதைக்கு எடுத்தால் பரு காய்ந்து முளைப்பு பாதியாகும். நுனி மூன்றில் இரண்டு பங்கு நன்றாக முளைக்கும்.

வெட்டும்போது கத்தி கூர்மையாக இருக்க வேண்டும். கரணையின் நுனி பிளந்தால் அந்த வழியாக அழுகல் இறங்கும். லிட்டருக்கு அரை கிராம் கார்பென்டாசிம், 10 கிராம் யூரியா கலந்த தண்ணீரில் 10 நிமிடம் முக்கி எடுங்கள். இந்த மருந்து வெட்டுவாயைக் காக்கும், அவ்வளவுதான். கரும்பின் உள்ளேயே செவ்வழுகல் இருந்தால் முக்கி எடுப்பது உதவாது. வெட்டிய முகத்தில் சிவப்பும் இடையிடையே குறுக்கே வெள்ளைத் திட்டும் தெரிந்தால் அந்தக் கட்டையே வேண்டாம், அந்த வயல் விதையே வேண்டாம்.

பரு இரண்டும் பக்கவாட்டில் பார்க்கும்படி படுக்க வைக்க வேண்டும். ஒன்று வானத்தையும் ஒன்று மண்ணையும் பார்த்தால் கீழ்ப்பரு தாமதிக்கும். மேலே 2 முதல் 3 சென்டிமீட்டர் மண் போதும். “ஆழமாகப் புதைத்தால் சாயாது” என்று ஒரு சாண் ஆழத்தில் புதைப்பவர்கள் உண்டு. சாயாமல் காப்பது மண் அணைப்பு, நடவு ஆழம் அல்ல. வண்டல், செம்மண்ணில் சாலில் (பார்களுக்கு இடையிலான பள்ளத்தில்) தண்ணீர் விட்டு கரணையை அழுத்தி நடலாம். களிமண்ணில் காய்ந்த சாலில் வைத்து, மண் மூடி, பிறகு தண்ணீர் விடுங்கள். சேற்றில் அமுக்கினால் காற்றில்லாமல் பரு ஊறிவிடும். மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர், அதாவது முளைப்புக்கான அடுத்த தண்ணீர், விடுங்கள்.

பருச்சீவல் நாற்று நடவில் என்ன லாபம்?

கரும்பின் பருவைச் சீவி எடுத்து, குழித்தட்டில் நாற்றாக வளர்த்து நடுவதுதான் இது. முதல் லாபம் விதை. 2009-ல் இக்ரிசாட் பயிர் ஆராய்ச்சி நிறுவனமும் உலக இயற்கை நிதியமும் முன்வைத்த எஸ்.எஸ்.ஐ. முறைதான் இங்கே ‘நீடித்த நவீன கரும்பு சாகுபடி’ என்ற பெயரில் வந்தது. அதில் 5 அடிக்கு 2 அடி என்று நட்டால் ஏக்கருக்கு 4,356 நாற்று. சாவும் பழுதும் சேர்த்து 5,000 வளர்ப்பார்கள். 500 கரும்பில் அதற்கான பரு கிடைத்துவிடும். பரு சீவிய கரும்பை அரவைக்கு அனுப்பலாம். 3 டன் கரணையை மண்ணில் புதைப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இரண்டாவது லாபம் அதிகம் பேசப்படுவதில்லை. முளைக்காத பருவை வயலுக்குக் கொண்டுபோவதே இல்லை என்பதுதான் அது. கரணை நடவில் 60 சதவீதம் முளைத்தால் நல்ல முளைப்பு என்பார்கள். மீதி எங்கே முளைக்கவில்லை என்பது மண்ணுக்குத்தான் தெரியும். நாற்றில் அந்தச் சூதாட்டம் குழித்தட்டிலேயே முடிந்துவிடுகிறது.

மூன்றாவது, நாற்றங்காலில் இருக்கும் ஒரு மாதம் நிலம் உங்கள் கையில் இருக்கிறது. முன் பயிர் அறுவடை தாமதித்தாலும் பட்டம் தவறாது.

குழித்தட்டு நாற்று சீராக வர என்ன செய்ய வேண்டும்?

பரு சீவும் கருவியில் பருவோடு கொஞ்சம் கணுப்பட்டையும் வேர்ப்புள்ளிகளும் சேர்ந்து வர வேண்டும். பரு மட்டும் வந்தால் வேர் வராது. சீவிய அன்றே நேர்த்தி செய்யுங்கள். 10 லிட்டர் தண்ணீரில் 5 கிராம் கார்பென்டாசிம், 20 மில்லி மாலத்தியான் கலந்து 10 முதல் 15 நிமிடம் ஊறவிட்டு நிழலில் உலர்த்த வேண்டும்.

50 குழித் தட்டு 100 எடுத்தால் 5,000 நாற்று. தட்டுக்கு ஒன்றரைக் கிலோ வீதம் மட்கிய தென்னை நார்க்கழிவு 150 கிலோ தேவை. மட்காத நார்க்கழிவு நாற்றை மஞ்சளாக்கும். குழியில் பாதி நிரப்பி, பரு மேல்நோக்கிச் சாய்வாக வைத்து மூடி, தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி பாலித்தீன் தாளால் இறுக்கிக் கட்டுங்கள். உள்ளே சூடு பிடித்து 5 முதல் 7 நாளில் வெள்ளை முளை தெரியும். தெரிந்த அன்றே பிரித்து நிழல்வலைக்குள் பரப்ப வேண்டும். இரண்டு நாள் விட்டால் முளை ஒன்றையொன்று பின்னிக்கொண்டு, பிரிக்கும்போது உடையும்.

இருபதாம் நாள் வாக்கில் தரம் பிரிக்க வேண்டும். நெட்டை நாற்றை ஒரு தட்டிலும் குட்டையை இன்னொன்றிலும் மாற்றுவதுதான் இது. கூலி மிச்சம் பிடிப்பதாக நினைத்து இதை விட்டுவிடுகிறார்கள். கலந்து நட்டால் நெட்டைத் தூர் குட்டைத் தூரை நிழலில் அமுக்கும். பிறகு எட்டு மாதம் யாராலும் அதைச் சரிசெய்ய முடியாது.

25 முதல் 35 நாளில் நட்டுவிட வேண்டும். அதற்குமேல் வேர் குழிக்குள் சுருண்டுவிடும். நடுவதற்கு முதல் நாள் தண்ணீர் நிறுத்தினால் நாற்று உருண்டையாகக் கழன்று வரும். இலை நுனியைக் கிள்ளி நட்டால் வாடல் குறையும். குருத்துக்குள் சேறு போகாத ஆழத்தில் நடுங்கள்.

தாய்ச்செடியை வெட்டச் சொல்கிறார்கள். பயமாக இருக்கிறது. வெட்டத்தான் வேண்டுமா?

5 அடிப் பாரில், நல்ல நீர் வசதியோடு நாற்று நட்டிருந்தால் வெட்டுவது நல்லது. நட்ட 25 முதல் 30 நாளில் உட்கார்ந்து தூரைப் பாருங்கள். தாய்ச்செடியின் (முதலில் முளைத்த நடுத் தண்டின்) இருபுறமும் ஊசிபோல இரண்டு பக்கத்தூர் தலைகாட்டியிருந்தால் கூர்மையான அரிவாளால் மண்ணுக்கு ஓர் அங்குலம் மேலே ஒரே வெட்டு. இழுக்கக் கூடாது, இழுத்தால் வேர் ஆடும். வெட்டியதும் தண்ணீர், அடுத்த இரண்டு மூன்று நாளில் கொஞ்சம் யூரியா. அடுத்த மாதத்தில் எட்டு, பத்து தூர் ஒரே வயதில் எழும். ஒரே வயதுத் தூர் ஒரே நேரத்தில் முதிரும், சர்க்கரைச் சத்தும் சீராக இருக்கும்.

பக்கத்தூர் தெரியும் முன் வெட்டினால் சில செடிகள் அப்படியே போய்விடும். நாற்று வாடிக் கிடந்தாலோ, தண்ணீர்த் தட்டுப்பாடு இருந்தாலோ, பின்பட்டமாக இருந்தாலோ வெட்டாதீர்கள். இளங்குருத்துப் புழு தாக்கி நடுக்குருத்து காய்ந்த தூரிலும் வெட்ட வேண்டாம். அந்த வேலையைப் புழு ஏற்கெனவே செய்துவிட்டது.

சில நாற்றுதானே செத்தது, விட்டுவிடலாமா?

கூடாது. அகலப் பாரில் டன் தொலையும் இடம் பெரும்பாலும் இதுதான். 5 க்கு 2 அடியில் ஒரு நாற்றின் பங்கு 10 சதுர அடி, 9 கரும்பு, சுமார் 10 கிலோ. நூற்றுக்கு ஐந்து செத்தால் ஏக்கரில் 218 இடம் காலி, கிட்டத்தட்ட 2 டன். பக்கத்துத் தூர் கொஞ்சம் விரியும், ஆனால் 4 அடி இடைவெளியை அதனால் மூட முடியாது. 3 அடிப் பாரில் ஒரு கரணை முளைக்காமல் போனால் பக்கத்துக் கரணை மூடிவிடும். இங்கே அப்படி இல்லை.

அதனால் நடும்போதே பத்துத் தட்டு நாற்றைத் தனியாக நிறுத்தி வையுங்கள். 10 முதல் 15 நாளுக்குள் போக்கிடம் (செடி செத்த காலி இடம்) நிரப்பிவிட வேண்டும். ஒன்றரை மாதம் கழித்து நடும் நாற்று நிழலில் சிக்கி வெறும் புல்லாக நிற்கும். கரணை நடவிலும் 2 அடிக்கு மேல் வெற்றிடம் கண்டால் நிரப்ப வேண்டும் என்பதே அளவு.

இரட்டை வரிசை நடவு என்றால் என்ன?

5 அடிக்கு ஒரு அகலச் சால் எடுத்து, அதன் அடியில் ஓர் அடி இடைவெளியில் இரண்டு வரிசை வைப்பது. இரண்டு வரிசையின் நீளத்தையும் கூட்டினால் 17,424 அடி. 2½ அடிப் பாரில் இருந்த அதே நீளம். நடுவில் 4 அடிப் பாதை, டிராக்டர் போகும். எண்ணிக்கையையும் விடாமல் இயந்திரத்தையும் விடாத வழி என்பதால், தூர் கட்டுவதில் மந்தமான ரகத்துக்கு ஒற்றை வரிசை 5 அடியைவிட இதைத்தான் பரிந்துரைப்போம்.

குறை என்னவென்றால் விதைச்செலவு இறங்காது. நாற்றாக நட்டால் 2 அடி இடைவெளியில் 8,700 தேவைப்படும். அதனால் பலர் இதைக் கரணையிலேயே செய்கிறார்கள். இன்னொன்று, சாலின் அடி அகலம். சாதாரண பார் கலப்பை ஆங்கில வி எழுத்துப்போலச் சால் எடுக்கும். அதில் இரண்டு வரிசை வைத்தால் இரண்டும் நடுவில் சரிந்து ஒன்றாகிவிடும். அடி தட்டையாக ஓர் அடி வரும் கொழு வேண்டும். வரிசை ஒன்றரை, இரண்டு அடி விலகிவிட்டால் அறுவடை இயந்திரத்தின் வாய்க்கு வெளியே போய்விடும். ஓரக் கரும்பை அது மிதித்துப் போகும்.

குழி நடவில் மகசூல் அதிகம் என்கிறார்களே?

அதிகம்தான். கூலியும் அதிகம்தான். 5 க்கு 5 அடியில் ஏக்கருக்கு 1,742 குழி. 3 அடி விட்டம், ஒன்றேகால் அடி ஆழம் என்றால் மொத்தம் 15,000 கன அடிக்கு மேல் மண் தோண்டியாக வேண்டும். டிராக்டரில் மாட்டும் குழி துளைப்பான் இல்லாமல் ஆளை வைத்துச் செய்தால் கட்டுப்படியாகாது. குழியில் தொழு உரமும் மேல்மண்ணும் பாதிக்கு நிரப்பி, 16 இருபருக் கரணையை வண்டிச்சக்கரத்தின் ஆரக்கால்போல வைத்து மூட வேண்டும். இதன் அடிப்படையே வேறு. தூரை நம்பாமல், முதலில் முளைக்கும் தாய்க்கரும்பையே கரும்பாக எடுப்பது. குழிக்கு 25 கரும்பு நின்றால் ஏக்கருக்கு 43,000 வந்துவிடும். எல்லாம் ஒரே வயது, அடி ஆழத்தில் இருப்பதால் சாய்வதும் குறைவு. உத்தரப்பிரதேசத்தில் லக்னோ இந்தியக் கரும்பு ஆராய்ச்சி நிறுவனம் பரப்பிய வளையக் குழி முறையும் இதே கருத்துதான். அங்கே குழி சிறியது, நெருக்கம் அதிகம்.

மேட்டு நிலம், செம்மண், சொட்டு நீர் இருந்தால் யோசிக்கலாம். வாய்க்கால் பாசனக் களியில் மழைக்காலத்தில் ஒவ்வொரு குழியும் ஒரு குட்டை. அறுவடை இயந்திரமும் ஓடாது. வெட்டாள் கிடைக்காத ஊரில் இதைத் தொடங்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

இயந்திர அறுவடைக்கு எத்தனை அடி வேண்டும்?

பெரிய இயந்திரத்துக்கு 5 அடி. சிறிய இயந்திரம் 4 அடியில் ஓடும். ஆனால் அளவை நடும்போது ஒரே சீராக வைத்திருக்க வேண்டும். ஒரு பார் 5 அடி, அடுத்தது 4¼ அடி என்று கலப்பை அலைந்தால், சக்கரம் ஒரு தூர் வரிசையின் மேல் ஏறிவிடும். அந்த வரிசையில் அடுத்த ஆண்டு கட்டைக் கரும்பு (வெட்டிய தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும் கரும்பு) வராது. முதல் சாலுக்குக் கயிறு கட்டுங்கள். அதில் வரும் கோணல் கடைசிச் சால் வரைக்கும் போகும்.

பாரை நிலத்தின் நீளவாட்டில் எடுத்தால் திருப்பும் நேரம் மிச்சம். இரு தலைமாட்டிலும் 15 முதல் 20 அடி விட வேண்டும். மண் அணைப்பு எல்லாப் பாரிலும் ஒரே உயரத்தில் இருந்தால்தான் அடிக்கத்தி மண்ணோடு ஒட்டி வெட்டும். இல்லாவிட்டால் ஒரு இடத்தில் மண்ணை அள்ளும், இன்னொரு இடத்தில் நாலு அங்குலக் கட்டையை விட்டுவிடும். சர்க்கரைச் சத்து அதிகமாக இருப்பதே அந்த நாலு அங்குலத்தில்தான்.

எல்லா ரகமும் 5 அடிக்கு ஒத்துவருமா?

வராது. நன்றாகத் தூர் வெடித்து, நிமிர்ந்து நிற்கும் ரகம் வேண்டும். கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்கு நிறுவனத்தின் கோ 86032 இந்த நடவுக்குப் பழகிய ரகம். சோகை எளிதில் கழலும், கட்டையும் நன்றாக வரும். புது ரகம் ஒன்றை முதன்முறை நடுகிறீர்கள் என்றால் 4 அடியில் தொடங்கி, கயிறு போட்டு எண்ணிப் பார்த்துவிட்டு 5 அடிக்குப் போங்கள்.

சொட்டு நீருக்கு அகலப் பார் ஏன் சொல்லப்படுகிறது?

குழாய்ச் செலவுதான். 3 அடிக்கு ஒரு பக்கக்குழாய் என்றால் ஏக்கருக்கு 4,426 மீட்டர். 5 அடிக்கு 2,655 மீட்டர். சொட்டுவாய் இடைவெளி மணற்பாங்கான மண்ணில் 40 சென்டிமீட்டர், களியில் 60 வரை. இரட்டை வரிசையில் நடுவில் ஒரு குழாய் இரண்டுக்கும் போதும்.

உரமும் வேருக்கே போகும். ஏக்கருக்கு 240 முதல் 260 கிலோ யூரியாவை வாரத் தவணையாகப் பிரித்து ஏழாம் மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். பிறகு போடும் தழைச்சத்து நீர்ப்போத்தைத்தான் கிளப்பும். தாமதமாக எழும் அந்தத் தடித்த, சப்பென்ற தூர் எடைக்கு வரும், சர்க்கரைக்கு வராது. வாய்க்கால் பாசனத்தில் 30, 60, 90 நாளில் மூன்றாகப் பிரித்து, தூரை ஒட்டி இட்டு மண் மூடுங்கள். 5 அடிப் பாரில் வீசி இறைத்தால் பாதி களைக்கு.

அகலப் பாரில் களை எடுத்து மாளவில்லை. என்ன செய்யலாம்?

3 அடியைவிட 5 அடியில் இலை மூடுவது தாமதமாகும். முதல் மூன்று மாதம் நிலம் வெறுமையாகக் கிடக்கும். அந்த இடத்தை நீங்களே பயன்படுத்துங்கள். நட்ட சில நாளில் நடுவே இரண்டு வரிசை உளுந்தோ பச்சைப்பயறோ விதைத்தால் 65 முதல் 70 நாளில் கைக்கு வரும். அது வேண்டாம் என்றால் சணப்பையோ தக்கைப்பூண்டோ ஏக்கருக்கு 4 கிலோ விதைத்து 45 ஆம் நாள் மண் அணைக்கும்போது மடக்கிவிடலாம்.

தனிக்கரும்பு என்றால், கரணை நட்ட மூன்றாம் நாள் 50 சதவீத அட்ரசின் தூள் 800 கிராமை 200 லிட்டர் தண்ணீரில் கலந்து ஈர மண்ணில் அடிக்கலாம். அட்ரசின் அடித்த நிலத்தில் பயறு விதைக்காதீர்கள், முளைத்து வெளுத்துச் சாகும். ஆண்டுதோறும் இந்தத் தவறு நடக்கிறது.

மண் அணைப்பு, சோகை உரிப்பு எப்போது?

45 ஆம் நாள் லேசாக, 90 ஆம் நாள் முழுதாக. தேவைப்பட்டால் 150 ஆம் நாள் இன்னொரு முறை. 90 நாள் அணைப்பை முன்கூட்டிச் செய்தால் எழ வேண்டிய தூரை மண் அமுக்கிவிடும். 5 அடிப் பாரில் இன்னும் ஒரு வாரம் பொறுத்து, தூர் எண்ணிக்கை சேர்ந்த பிறகு அணைக்கலாம். சோகை ஐந்தாம், ஏழாம் மாதம். கரும்பு சாயாமலிருக்க விட்டம் கட்டுவதில் ஒரு மாற்றம் உண்டு. 3 அடியில் எதிரெதிர்ப் பார்களைச் சோகையால் பின்னிக் கட்டுவோம். 5 அடியில் எட்டாது, அதே வரிசையின் தூர்களைச் சேர்த்துக் கட்ட வேண்டும்.

உவர் நிலத்தில் எங்கே நடுவது?

பாரின் பக்கச் சரிவில், பாதி உயரத்தில். தண்ணீர் ஆவியாகும்போது உப்பு பாரின் உச்சியில் போய்ப் படியும். இடைவெளி 3 அடிக்கு மேல் வேண்டாம், விதையைக் கொஞ்சம் கூட்டிப் போடுங்கள்.

கட்டைக் கரும்புக்கு எந்த இடைவெளி நல்லது?

அகலப் பாரின் உண்மையான வரவு கட்டையில்தான் தெரியும். நெருக்கப் பாரில் கரும்பு ஏற்றும் வண்டி தூர் மேலேயே ஓடுகிறது. 5 அடியில் அதற்குத் தனிப் பாதை இருக்கிறது. வெட்டிய ஒரு வாரத்துக்குள் கட்டையை மண்மட்டத்துக்குச் சீவி, பாரின் இருபுறமும் உழுது பழைய வேரை அறுத்துவிடுங்கள். சோகையைக் கொளுத்தாமல் ஒரு பார் விட்டு ஒரு பார் பரப்பினால் தண்ணீர் மிச்சம். தழைச்சத்து நடவைவிடக் கால்பங்கு கூடுதலாக, அதுவும் சீக்கிரமே வேண்டும், கட்டை காத்திருக்காது. போக்கிடத்துக்கு நாற்றை ஒரு மாதத்துக்குள் நட்டுவிட வேண்டும். அதனால் ஆலையின் வெட்டு உத்தரவு வரும் தேதியைக் கேட்டுக்கொண்டு, அதற்கு மூன்று வாரம் முன்பே நாலைந்து தட்டில் பரு போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.